தோலின் கொக்கிகள்

முதலில் எரிந்தது ரசம்தான். கல்யாணமாகி, கொல்கத்தாவுக்கு வந்து, டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிவீடு பிடித்து, குடித்தனம் தொடங்கிய இரண்டாவது மாதம். கதிர் வைத்த ரசம். ஒரு வாய் உறிஞ்சியதும் கன்னத்தின் உட்புறம் தீப்பட்டதுபோல் எரிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "நல்லா இல்லையா?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்கு, சூடா இருக்கு" என்றேன். ரசம் ஆறிப்போய் வெகுநேரமாகியிருந்தது. புதுப் பெண்டாட்டி தன் சமையலைக் குறை சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து மிளகைக் குறைத்தார்.

என் கணவரைப் பெயர் சொல்லியே எழுதுகிறேன். 'அவர்', 'அவர்' என்று எழுதினால் பின்னால் வரப்போகிற டாக்டரோடு குழம்பிவிடும். தவிர, வீட்டிலும் கதிர் என்றுதான் கூப்பிடுவேன். என் மாமியார் முன்னால் மட்டும் 'என்னங்க'. இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருக்கு சால்ட் லேக்கில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது. அதற்குச் சம்பளம் வாங்குகிற நான், என் வாய்க்குள் இருந்த குறையை மட்டும் மாதக்கணக்கில் கண்டுபிடிக்கவில்லை.

வாய்ப்புண் என்றால் நம் வீடுகளில் காரணம் ஒன்றுதான்: உடம்புச் சூடு. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், வெந்தயம் என்று எல்லாம் பார்த்தாயிற்று. இந்த ஊர்க் கடுகெண்ணெய்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று என் மாமியார் தொலைபேசியில் தீர்ப்புச் சொன்னார். நாங்கள் சமையலுக்கு ஊரிலிருந்து வந்த நல்லெண்ணெயைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். பல் மருத்துவர் ஒரு களிம்பு கொடுத்தார். ஒரு புண் ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. ஈறில், நாக்கின் அடியில், தொண்டையின் முகப்பில். கடைசியில் மிஷ்டி தொய் மட்டும் எரியாமல் இறங்கியது. மண்சட்டியில் விற்கிற இந்த ஊர் இனிப்புத் தயிரை மூன்று வேளையும் சாப்பிட்டு, வங்காளி மருமகளாகிவிட்டேன் என்று பெருமை வேறு.

உங்களில் யாருக்காவது வாய்ப்புண் வாரக்கணக்கில் ஆறாமல், இடம் மாறி மாறி வந்துகொண்டிருந்தால், தயவுசெய்து கீரையை மட்டும் நம்பியிருக்காதீர்கள். தோல் மருத்துவரிடம் போங்கள். வாய்க்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் கேட்டேன். வாயின் உட்புறமும் ஒருவகைத் தோல்தான்.

பிறகு ஒருநாள் குளிக்கும்போது மார்பில் ஒரு கொப்புளம் தட்டுப்பட்டது. நீர் நிரம்பித் தளதளவென்று, அழுத்தினால் பக்கத்தில் நகர்கிற கொப்புளம். இரண்டு நாளில் முதுகிலும் தோளிலும் அதேபோல் வந்தன. கதிர் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினார். உடனே தொலைபேசி வந்தது, ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மை போட்டிருக்குல்லா! ஆத்தா வந்திருக்காப்பா. மாத்திரை கீத்திரை எதையும் குடுத்துராத, கேட்டியா? வீட்ல தாளிக்கக் கூடாது. அவ தலையில சீப்பு படக் கூடாது. வாசல்ல வேப்பிலை சொருகு."

"காய்ச்சலே இல்லியே அத்தை" என்றேன் நான். பழக்கதோஷம், குறை கண்டுபிடிக்கிற வேலை.

"சிலருக்குக் காய்ச்சல் காட்டாது. ஆத்தாகிட்டப் போயி எதிர்க்கேள்வி கேக்காத."

ஊரிலென்றால் யாராவது ஒருவர் மறுத்துப் பேசியிருப்பார்கள். எனக்கு அம்மா இல்லை. கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். வேற்று மாநிலத்தில் இருக்கிறோமே, இங்கே இருப்பவர்களாவது வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். கீழ்வீட்டு பௌதி (இங்கே அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வந்து எட்டிப் பார்த்தார். கூப்பிய கைகளை நெற்றியில் வைத்துக்கொண்டு, "மாயேர் தொயா" என்றார். அம்மாவின் தயை என்று அர்த்தம். அவர்களுக்கும் அம்மை என்றால் தாய் இறங்குவதுதான். சீதளா என்று பெயர் மட்டும் வேறு. இந்த ஊரில் வேப்பிலையைக் கத்தரிக்காயோடு வறுத்துச் சாப்பிடுவார்கள், சந்தையிலேயே கிடைக்கும். பௌதி ஒரு பை நிறைய வாங்கி வந்து எங்கள் வாசலில் அவர் கையாலேயே செருகினார். திருநெல்வேலியும் கொல்கத்தாவும் ஒரே குரலில் சொன்னபிறகு நாங்கள் யார் மறுக்க? தாளிக்காத பருப்பும் சோறுமாகச் சாப்பிட்டுக்கொண்டு, வேப்பிலை பரப்பிய பாயில் படுத்திருந்தேன். கதிர் வேப்பங்கொத்தால் விசிறிவிட்டார். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. பெண் பார்க்க வந்தபோது பத்து வார்த்தைகூடப் பேசாத மனிதர், விசிறிக்கொண்டே தன் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னார்.

அப்புறம் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. ஊரில் அதைப் பெண்கள் செய்வார்கள். இங்கே கதிர் மட்டும்தான் இருந்தார். வேப்பிலை போட்ட வாளித் தண்ணீரைக் காலையிலிருந்தே பால்கனி வெயிலில் வைத்திருந்தார். வேப்பிலையும் மஞ்சளும் மிக்ஸியில் அரைத்தார். குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலியில், மெல்லிய பருத்திச் சேலையைச் சுற்றிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இருவருக்கும் வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. "தண்ணி ஓகேவா?" என்று ஏதோ அலுவலகத்தில் கேட்பதுபோலக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மஞ்சள் விழுதை எடுத்து என் முதுகில் தடவினார். மேலிருந்து கீழாக, ஒரே இழுப்பு.

முதலில் வலி தெரியவில்லை. சில்லென்று இருந்தது. பிறகுதான் எரிச்சல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கதிர் தன் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். பச்சையும் மஞ்சளுமான விழுதின்மேல், பாலாடை மடிந்து கிடப்பதுபோல, என் தோல். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல செல்வி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் உதடு வெளுத்துப்போயிருந்தது. நான்தான் அவரிடம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொன்னேன்.

டாக்டர் ஒரு வங்காளிப் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் பெரிய பொட்டு. எங்களுடன் ஆங்கிலத்தில்தான் பேசினார். நடந்ததைக் கேட்டுவிட்டு ஏசவில்லை. "இங்கேயும் அம்மை என்று நினைத்துத்தான் பலர் வருகிறார்கள்" என்றார். கொப்புளம் எதுவும் இல்லாத ஓர் இடத்தில், என் தோள்பட்டையில், கட்டைவிரலை வைத்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தேய்த்தார். நல்ல தோல் என்று நான் நினைத்திருந்த அந்த இடமும் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. கதிர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பயாப்சி (தோலில் கடுகளவு வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) செய்தார்கள். முடிவு வந்தது: பெம்பிகஸ் வல்காரிஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி சொந்தத் தோலையே தாக்குவதால் கொப்புளம் வரும் நோய்). தொற்று நோய் அல்ல. பரம்பரையாக நேராகக் கடத்தப்படுவதும் அல்ல. யாரும் செய்த பாவமும் அல்ல. கடைசியில் உள்ளதை டாக்டர் சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அவர் சொன்ன விளக்கத்தை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். நம் தோலின் செல்கள் சும்மா அடுக்கி வைக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு செல்லும் தன் பக்கத்துச் செல்லைப் பல இடங்களில் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடிமானத்துக்கு டெஸ்மோசோம் என்று பெயர். பிடிமானத்தில் இரண்டு செல்களும் ஆளுக்குப் பாதி நீட்டுகிற புரதம் டெஸ்மோகிளீன். ஜாக்கெட்டின் இரு பக்கத்தையும் கொக்கிகள் இழுத்துப் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) என் உடம்பில் இந்தக் கொக்கிகளை எதிரி என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தது. பிடி விட்ட இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. அதுதான் கொப்புளம்.

"செல்கள் செத்துவிட்டனவா?" என்று கேட்டேன்.

"இல்லை. உயிரோடுதான் இருக்கும். அடிவரிசைச் செல்கள் தங்கள் தரையைக்கூட விடுவதில்லை. பக்கத்தில் இருப்பதை மட்டும் விட்டுவிடும்."

அதைக் கேட்டதும் அழுகை வந்தது. நோயின் பெயரைக் கேட்டபோதுகூட அழாதவள். அதனதன் இடத்தில் உயிரோடு நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்ள முடியாமல் போவது அநியாயமாகத் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் எனக்குப் படுக்கை வாழையிலை. பொய்யில்லை. சாதாரணத் துணி புண்ணில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது மேலும் உரியும். வாழையிலை ஒட்டாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். கதிர் தினமும் விடிந்ததும் லேக் மார்க்கெட்டுக்குப் போய், தென்னிந்தியச் சாமான்கள் விற்கும் கடைகளுக்குப் பக்கத்தில் இலை வாங்கி வருவார். இலைக்காரர் "தினமும் விசேஷமா? எங்களையும் கூப்பிடக் கூடாதா?" என்று கேட்டாராம். நர்ஸ் இலைகளைச் சுத்தம் செய்து தருவார். விரிப்பது கதிர். முதல் நாள் அவர் இலையைப் படுக்கையில் போட்டுவிட்டு, சற்று யோசித்து, நுனி இடப்பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போட்டார்.

"சோறு போட்டு சாம்பார் ஊத்தப் போறீங்களா?" என்றேன்.

வாய் முழுக்கப் புண்ணோடு அதைச் சொன்னது வலித்தது. ஆனால் அவர் சிரித்தார். குளியலறைக்குப் பிறகு முதல்தடவையாகச் சிரித்தார்.

சிகிச்சை பற்றிக் கொஞ்சம். முதலில் ஸ்டீராய்டு (எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து), அதிக அளவில். பிறகு ரிட்டுக்சிமாப் (அந்த ஆன்டிபாடிகளை உண்டாக்கும் செல் வகையை அழிக்கும் ஊசி), நரம்பில் சொட்டுச் சொட்டாக. எனக்கு இவை. உங்களுக்கு வேறாக இருக்கலாம், உங்கள் மருத்துவர் சொல்வதே சரி. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன்: புண் ஆறிவிட்டது என்று ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். முகம் நிலாபோல வீங்கும். பசி பேய்ப் பசியாக இருக்கும். உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர், சர்க்கரை ஏறும் என்பதால் என் மிஷ்டி தொய்யையும் தடை செய்தார். நோயைவிட அதற்குத்தான் அன்று அதிகம் வருத்தப்பட்டேன். கண்ணாடியில் தெரிந்த பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை. என் ரேஷன் அட்டையைக்கூட இவளுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று கதிரிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது துர்கா பூஜை நெருங்கியிருந்தது. கூட்டத்துக்குள் போகக் கூடாது, கிருமி தொற்றிவிடும். தெருமுனைப் பந்தலின் மேளம் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது. பௌதி முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து, வாசலுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுப் போவார். அவர் செருகிய வேப்பிலையை அவரே ஒருநாள் எடுத்துவிட்டிருந்தார்.

புண்கள் ஆறின. ஆறிய இடங்கள் முதலில் கறுத்து, பிறகு மெல்ல நிறம் திரும்பின. ஒருநாள் ரசம் குடித்தேன், எரியவில்லை. எல்லாம் சரியாகிக்கொண்டு வந்தது, ஒன்றைத் தவிர. கதிர் என்னைத் தொடவில்லை.

மருந்து தடவியபோதெல்லாம் கையுறை போட்டுக்கொண்டு தடவினார். தடவ வேண்டிய தேவை முடிந்ததும் கையுறையோடு கையும் போய்விட்டது. தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். கட்டிலின் ஓரத்தில், இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் விழுந்துவிடுவார் என்கிற மாதிரி படுத்தார். கேட்டால், "நீ நல்லாத் தூங்கணும்லா." சமையல், மாத்திரை, ரத்தப் பரிசோதனை எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அது போதவில்லை. வீங்கிய முகத்தைப் பார்த்து அருவருக்கிறாரோ என்று நினைத்தேன். கட்டாயத்துக்குக் கடமை செய்கிறாரோ என்றும் நினைத்தேன். புண்ணாகக் கிடந்தபோதுகூட இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

ஒருநாள் தன் அம்மாவோடு அவர் பேசிக்கொண்டிருந்தது அடுக்களையிலிருந்து கேட்டது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏ கதிரு, கேக்கக் கூடாதுதான். இந்த வியாதி அவளுக்குக் கல்யாணத்துக்கு முந்தியே இருந்திருக்குமோ? நம்மகிட்ட மறைச்சிருப்பாகளோ? கொஞ்ச நாளைக்கு அவ அப்பா வீட்ல கொண்டு விட்டா என்ன?"

வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

"முந்தியே இருந்தா என்னம்மா? இப்ப எங்கூடத்தான் இருக்கா. எங்கூடத்தான் இருப்பா."

அப்புறம் என் மாமியார், "சரிப்பா. அவளுக்கு வடகம் போட்டு அனுப்புதேன். உப்பு கம்மியாப் போடுதேன்" என்றார்.

எனக்கு அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. என்னை விடமாட்டார் என்று தெரிந்துவிட்டது. அப்படியென்றால் ஏன் தொடுவதில்லை என்பதுதான் புரியவில்லை. நேரே கேட்டிருக்கலாம். ஊரெல்லாம் குறை கண்டுபிடிக்கிற எனக்கு இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

குளிர் தொடங்கியபோது மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டர் முதுகைப் பார்த்தார், வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு முதல் நாள் செய்ததுபோலவே தோள்பட்டையில் கட்டைவிரலை வைத்துப் பக்கவாட்டில் தேய்த்தார். தோல் நகரவில்லை. "பிடித்துக்கொண்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தவர், கதிரைப் பார்த்தார். கதிர் சுவர் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல செய்தி சொல்கிறேன், உங்கள் கணவர் பார்க்கவே மாட்டேன் என்கிறாரே?" என்று என்னிடம் கேட்டார்.

கதிர்தான் பேசினார். ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் வார்த்தை கிடைக்காமல், என் பக்கம் திரும்பித் தமிழில் முடித்தார்.

"நான்தானே உரிச்சேன். இந்தக் கையாலதான். தொட்டா மறுபடி வந்துருமோன்னு... ராத்திரி தூக்கத்துல கை பட்டுருமோன்னுகூடப் பயமா இருக்கு செல்வி."

அருவருப்பு என்று நான் நினைத்ததெல்லாம் இதுதானா! இத்தனை நாள் கட்டில் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்த மனிதனைப் பார்க்க எனக்குக் கோபமும் பாசமும் ஒன்றாக வந்தன. டாக்டருக்கு நானே மொழிபெயர்த்தேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டுக் கதிரிடம் பேசினார். "உங்கள் கை எதையும் உரிக்கவில்லை. கொக்கிகள் முன்பே கழன்றிருந்தன. படுக்கை விரிப்பு பட்டிருந்தாலும் உரிந்திருக்கும். இன்னொன்று சொல்கிறேன். மேல்தோல் ஏறத்தாழ மாதத்துக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகிவிடும். அடியில் பிறக்கும் செல் மேலே ஏறி வந்து, ஒருநாள் தூசியாக உதிர்ந்துவிடும். நீங்கள் அன்று தொட்ட தோல் இப்போது இவர் உடம்பில் எங்கேயும் இல்லை. இல்லாத தோலை நினைத்துப் பயப்படுகிறீர்கள்." பிறகு எழுந்து நின்று, "வாருங்கள். பரிசோதனையை நீங்களே செய்யுங்கள்" என்றார்.

கதிர் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. மூலையிலிருந்த குழாயில் கை கழுவினார். சோப்புப் போட்டு, மறுபடியும் கழுவினார். துடைத்தார். என் பின்னால் வந்து நின்றார், மூச்சு மட்டும் கேட்டது. பிறகு தோள்பட்டையில் குளிர்ந்த ஒரு கட்டைவிரல்.

"அழுத்துங்கள்" என்றார் டாக்டர். "பக்கவாட்டில்."

அழுத்தினார். தேய்த்தார். தோல் அவர் விரலோடு கொஞ்சம் இழுபட்டது. பிறகு தன் இடத்துக்கே திரும்பியது.

"போதும், எடுக்கலாம்" என்றார் டாக்டர்.

கதிர் எடுக்கவில்லை. கட்டைவிரலை அடுத்து மற்ற விரல்களும் வந்தன, பிறகு உள்ளங்கை முழுவதும். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கினார்.

நோய் போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். அடங்கியிருக்கிறது, திரும்பியும் வரலாம். இப்போதும் காலையில் பல் துலக்குமுன் நாக்கால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். என் உடம்பு ஒரே பொருள் என்று முன்பு நினைத்திருந்தேன். அது எண்ண முடியாத பேர் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கிற கூட்டம் என்று இப்போது தெரிகிறது. எனக்கு இருபத்தொன்பது வயதாகிறது. என் தோலுக்கு எப்போதும் ஒரு மாதம்தான். கல்யாணத்தன்று மஞ்சள் பூசிய தோலும் குளியலறையில் உரிந்த தோலும் போய்விட்டன. டாக்டரின் அறையில் கதிர் கை வைத்த தோலும் இதற்குள் உதிர்ந்திருக்கும். அதனால் அவர் மறுபடியும் மறுபடியும் தொட வேண்டியிருக்கிறது.